பெயரை யார் சொன்னது?

"அண்ணா, மேப் காட்டுற எடத்துக்கு வந்துட்டேண்ணா. இங்க உங்க தெருப் பேரே இல்லியே."

"அங்கயே நில்லுப்பா. ரைஸ் மில் தெரியுதா?"

"அபார்ட்மெண்ட்தாண்ணா இருக்கு."

"அதான். அதான் ரைஸ் மில்."

சாப்பாடு கொண்டுவந்த அந்தத் தம்பி சிரித்தாரா, எரிச்சலில் பெருமூச்சு விட்டாரா என்று போனில் பிடிபடவில்லை. வைத்த பிறகு எனக்கே வேடிக்கையாக இருந்தது. அந்த மில்லில் நெல் அரைத்து நான் பார்த்ததே கிடையாது. நான் பீர்க்கன்கரணைக்குக் குடிவந்தபோதே அது பூட்டிக் கிடந்தது. பிறகு இடித்தார்கள், பள்ளம் தோண்டினார்கள், நாலு மாடி எழுப்பினார்கள். அந்தக் கட்டடத்துக்கு வாசலில் பளபளவென்று ஆங்கிலத்தில் ஒரு பெயரும் உண்டு. ஆனால் தெருவில் அது ரைஸ் மில்தான். எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னதை நான் சொல்கிறேன். எனக்குப் பின்னால் வந்த வாடகைக்காரர் வீட்டுப் பையனும் அதையேதான் சொல்கிறான்.

ஒரு பெயர் இப்படித்தான் வாழ்கிறது. சாகும்போதும் இதே மாதிரி, யாருக்கும் தெரியாமல் செத்துப்போகிறது. அடுத்து வரும் யாராவது ஒருவர் "அந்த அபார்ட்மெண்ட்" என்று சொல்லத் தொடங்கினால் போதும். மில் போன நாள் அன்றுதான்.

இந்தப் போன் பேச்சுக்குப் பிறகு ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' நூலை மறுபடி எடுத்துப் படித்தேன். ஊர்ப்பெயர் பற்றிப் பேச்செடுத்தால் தமிழில் எல்லோரும் கைகாட்டும் புத்தகம் அது. 1946-இல் வெளிவந்தது. இன்றும் விற்கிறது, இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் மேல் எனக்கு உள்ள மதிப்பையும் சண்டையையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1

முதலில் எங்கள் ஊரின் பெயர்ப் பிரச்சினை. பலகைகளைப் பார்த்துக்கொண்டே ஜி.எஸ்.டி. சாலையோரம் நடந்தால் ஒரு பலகையில் பீர்க்கன்கரணை. இன்னொன்றில் பீர்க்கன்காரணை. மூன்றாவதாக ஒரு கடைக்காரர் பீர்க்கங்கரணை என்று எழுதியிருப்பார். ஷேர் ஆட்டோக்காரர் வாயில் இந்த மூன்றும் இல்லை. "பீர்க்கங்கர்ண, பீர்க்கங்கர்ண" என்று அவர் கூவுவதை எழுத்தில் பிடிப்பதே கஷ்டம். இதற்கு மேல் சீனிவாசா நகர்ப் பக்கம் பலர் முகவரியில் 'நியூ பெருங்களத்தூர்' என்று எழுதிவிடுகிறார்கள். சொந்த ஊர்ப் பெயரை எழுதாமலேயே ஓர் ஊரில் முப்பது வருஷம் வாழ முடியும் என்பதை நான் இங்கேதான் பார்த்தேன்.

நிர்வாகப் பெயர் இன்னொரு கதை. பீர்க்கன்கரணை பேரூராட்சியாக இருந்தது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது ஐந்து நகராட்சிகளோடும் மற்ற நான்கு பேரூராட்சிகளோடும் சேர்த்து அதுவும் உள்ளே போனது. ஆனால் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், அதில் இன்னமும் 'பீர்க்கன்கரணை கிராமம்'தான். மாவட்டத்தைக் கவனித்தால் தலை சுற்றும். பழைய பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம். அப்புறம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997-இல் வந்த சாதிக் கலவரங்களை அடுத்து மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்த தலைவர் பெயர்களை அரசு மொத்தமாக நீக்கியது. அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். 2019-இல் மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டம். ஒரு பாட்டி தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலேயே இத்தனை மாவட்டத்தில் குடியிருந்திருப்பார்.

அதே பத்திரத்தில் 'செக்குபந்தி' என்று ஒரு பகுதி வரும். நாலு எல்லை. வடக்கே இன்னார் மனை, கிழக்கே இருபதடிச் சாலை, தெற்கே ஏரிக்கால்வாய், மேற்கே இன்னார் நஞ்சை. பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. வங்கிக் கடனுக்கு வக்கீல் மட்டும் படிப்பார். என் பார்வையில் புறநகரின் உண்மையான இடப்பெயர் இலக்கியம் அங்கேதான் கிடக்கிறது. இன்று நடுத்தெருவாக இருக்கும் இடத்தில் ஒரு கால்வாய் ஓடியது என்று சொல்வது அந்த ஒரு வரிதான். டிசம்பரில் தண்ணீர் ஏன் சரியாக அந்தத் தெருவுக்கு மட்டும் வருகிறது என்பதற்குப் பதிலும் அதே வரிதான்.

2

சேதுப்பிள்ளை திருநெல்வேலிச் சீமை ராசவல்லிபுரத்தில் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். சாகித்திய அகாதெமி தமிழுக்குத் தந்த முதல் பரிசு, 1955-இல், அவருடைய 'தமிழ் இன்பம்' நூலுக்குத்தான். 'சொல்லின் செல்வர்' என்ற பட்டம் சும்மா வந்ததில்லை. அவர் உரைநடையில் வாக்கியங்கள் மேடையில் நிற்கும். எதுகையும் மோனையும் கைகோத்து வரும்.

'ஊரும் பேரும்' செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. ஊர்ப்பெயர் என்பது ரெவின்யூ ஆபீஸ் சமாச்சாரம் இல்லை, இலக்கியத்தின் விஷயம் என்று அது நிலைநாட்டியது. மலை, காடு, ஆறு, ஏரி என்று நிலத்தில் தொடங்கி, குடி, படை, மன்னர், கோவில் என்று அது விரியும். படித்து முடித்த ஒருவர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒவ்வொரு பலகையும் அவரிடம் பேசும். குப்பம், பாக்கம், ஏந்தல், தாங்கல் எல்லாம் வெறும் ஒட்டாக இருந்தது போய், நிலத்தைப் பற்றிய தகவலாக மாறும். பதினேழு வயதில் எனக்கு அது நடந்தது. அந்தக் கடன் இருக்கிறது.

இப்போது படிக்கும்போது இடறுவது வேறு. ஒரு பெயர் இப்படித்தான் இருந்தது என்பதற்கு அவர் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார் என்று பார்த்தேன். தேவாரம். சங்கப் பாட்டு. கல்வெட்டு. மூன்றும் நல்ல சாட்சிகள். ஆனால் மூன்றும் எழுத்து. அந்த ஊரில் குடியிருக்கிற மனிதர் புத்தகத்துக்குள் வரும்போது சாட்சியாக வருவதில்லை, குற்றவாளியாகத்தான் வருகிறார். கல்வெட்டில் முழுசாக இருந்த பெயர் அவர் வாயில் பட்டு 'சிதைந்தது', 'திரிந்தது'. ஆசிரியர் வந்து அதைத் துடைத்து, பழைய வடிவத்தை மீட்டுத் தருகிறார். புத்தகத்தின் பெரும் இன்பம் இந்த மீட்பில்தான் இருக்கிறது. என் சங்கடமும் அங்கேதான்.

ஏனென்றால் நம் இலக்கணமே அப்படிச் சொல்லவில்லை. நன்னூல் மரூஉவை இயல்பு வழக்கில் வைக்கிறது, பிழை என்று ஒதுக்கவில்லை. தஞ்சாவூர் தஞ்சை ஆனது, கோயம்புத்தூர் கோவை ஆனது என்றால் அது புழங்கித் தேய்ந்த சொல். வாசற்படி தேய்வது மாதிரி. கோவை என்று புலவர் சுருக்கினால் அழகு, "பீர்க்கங்கர்ண" என்று ஆட்டோக்காரர் சுருக்கினால் சிதைவா? இந்த ஓரவஞ்சனையை எந்த இலக்கணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

பாடல் பெற்ற தலம் இல்லாத, கல்வெட்டு வெளிச்சம் விழாத ஊர்களுக்கு இந்த முறையில் என்ன கிடைக்கும்? ஊகம் கிடைக்கும். எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளலாம். பீர்க்கு என்றால் பீர்க்கங்காய்க் கொடி என்பார் ஒருவர். கரணை என்றால் அகராதியில் கரும்பு நடும் துண்டு. கொத்தனார் கையில் இருக்கும் கருவியும் கரணைதான். கணக்குப்பிள்ளையைக் குறிக்கும் கரணத்தோடு முடிச்சுப் போடுபவர்களும் உண்டு. பள்ளிக்கரணை, காரணைப்புதுச்சேரி என்று சுற்றுவட்டாரத்தில் சொந்தக்காரப் பெயர்களும் இருப்பதால் உற்சாகம் கூடும். அரை மணி நேரத்தில் ஓர் அழகான கட்டுரை எழுதிவிடலாம். லைக்கும் விழும். ஆனால் அது எங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையாக இருக்காது, அகராதியைப் பற்றிய கட்டுரையாகத்தான் இருக்கும்.

3

பெயரைப் பதிவு செய்வதற்கு வேறு முறை ஏதாவது உண்டா? உண்டு. ஸ்காட்லாந்தில் ஒன்று நடந்தது.

19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் ஆர்டனன்ஸ் சர்வே அந்த நாட்டை அளந்தபோது, வரைபடத்தோடு கூடவே 'நேம் புக்' என்று நோட்டுகளை நிரப்பினார்கள். ஊர், பண்ணை, ஓடை, பாலம், கல்லறை, நகரமாக இருந்தால் அதன் தெருக்கள் எல்லாம் அதில் வரும். பக்கத்தைக் கட்டம் கட்டியிருப்பார்கள். ஒரு கட்டத்தில் வரைபடத்தில் எழுதப்போகும் பெயர். அடுத்ததில் அதே பெயரை ஊரார் எழுதும் வேறு வேறு விதங்கள். அதற்கடுத்து, எந்த எழுத்துக்கு யார் பொறுப்பு என்ற கட்டம்: இந்த வடிவத்தைச் சொன்னது பாதிரியார், இதைச் சொன்னது பள்ளி ஆசிரியர், இது பழைய வரைபடத்தில் உள்ளது. கடைசியில் அந்த இடம் என்ன, எப்படி இருக்கிறது என்று சில வரிகள். அந்த நோட்டுகளை இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம்.

இதைப் பார்த்தபோது எனக்குப் பிடித்துப்போனது அந்த மூன்றாவது கட்டம். பெயரை யார் சொன்னது? இந்தக் கேள்வியை நம் ஊர்ப்பெயர் நூல்கள் கேட்பதே இல்லை.

உடனே அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்தக் கட்டத்தில் வருகிறவர்கள் யார் என்று பாருங்கள்: நிலச்சொந்தக்காரர், பாதிரியார், வாத்தியார். அங்கே உழுதுகொண்டிருந்த கேலிக் மொழிக்காரரின் சொல்லுக்கு எடை கம்மி. பல கேலிக் பெயர்கள் ஆங்கிலக் காதில் விழுந்து வேறு உருவத்தில் படத்தில் ஏறின. அயர்லாந்தில் இதே வேலை நடந்ததை வைத்துத்தான் பிரையன் ஃப்ரீல் 1980-இல் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' நாடகத்தை எழுதினார். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் செய்த ஓரவஞ்சனையை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். யாரைக் கேட்டார்கள் என்பது தெரிவதால், யாரைக் கேட்கவில்லை என்பதும் தெரிகிறது.

நமக்கும் அந்த மண்ணுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், ஸ்டார்னவே ஊரில் பிறந்த காலின் மெக்கன்சி இந்தியா வந்து அளவைப் பணியில் சேர்ந்து, 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். நிலத்தை அளக்கப் போன இடமெல்லாம் ஊர்க்கதை, குலக்கதை, கல்வெட்டுப் படி என்று சேர்த்துக்கொண்டே போனார். உண்மையில் சேர்த்தவர்கள் காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா போன்ற அவருடைய உதவியாளர்கள். அந்தக் கைஃபியத்துகளில் ஒரு பகுதி இன்றும் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். வீடு எத்தனை, யார் வீடு, ஏரி எத்தனை, மானியம் எவ்வளவு என்று. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியிருந்தது வரி. ஆனால் வரிக்காக எழுதியவன் ஊரை ஊராகப் பார்த்தான். ஊர்மேல் அன்பு வைத்து எழுதிய நாம் கோவிலை மட்டும் பார்த்தோம். இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

4

எழுதினவர் கேட்டதற்கும் சொன்னவர் சொன்னதற்கும் நடுவில் என்னென்ன நடக்கும் என்பதற்குச் சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. ஹாமில்டன் பாலம். அந்தப் பெயர் தமிழ் வாயில் அமிட்டன் ஆகி, அம்பட்டன் வாராவதி ஆனது. அதைக் கேட்ட ஆங்கிலேயர், ஓஹோ என்று மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று எழுதிவிட்டார்கள். பிற்பாடு அது அம்பேத்கர் பாலம் ஆனது. எஸ். முத்தையா மாதிரி சென்னை வரலாறு எழுதியவர்கள் ரசித்துச் சொல்லும் கதை இது. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இதிலும் சாதி உள்ளே வந்து உட்கார்ந்த விதத்தைக் கவனியுங்கள். காதில் விழுந்த அந்நியச் சத்தத்தைத் தெரிந்த சொல்லாக மாற்ற வேண்டும் என்றபோது, கைக்கு முதலில் கிடைத்தது ஒரு சாதிப் பெயர்.

எங்கள் பக்கம் அந்நியச் சொற்கள் வேறு மாதிரி தங்கின. குரோம் லெதர் கம்பெனி இருந்த இடம் குரோம்பேட்டை. தோலைப் பதப்படுத்தும் ரசாயனம் ஓர் ஊரின் பெயரில் ஏறி, 'பேட்டை'யோடு குடித்தனம் நடத்துகிறது. 1928-இல் டாக்டர் டேவிட் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம், ரயில் நிலையத்தின் பெயராகவே நின்றுவிட்டது. "சானட்டோரியத்துல எறங்கிக்கோ" என்று சொல்லும் கல்லூரிப் பெண்ணுக்கு அந்தச் சொல்லில் இருமல் கேட்பதில்லை. ஆனால் பெயர் அதை வைத்திருக்கிறது. மருந்து இல்லாத காலத்தில், நல்ல காற்றை நம்பி நோயாளிகள் ஊருக்கு வெளியே இங்கே வந்தார்கள் என்பதை அந்த ஒரு ஸ்டேஷன் போர்டு மறக்கவிடவில்லை.

2020-இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் ஆணை வெளியிட்டது. எழும்பூர், வேலூர், கோயம்புத்தூர் எல்லாவற்றுக்கும் புதிய ஆங்கில எழுத்து. சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அப்போது நாம் எல்லோரும் மீம் போட்டோம். நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலிலும் சேதுப்பிள்ளையின் நிழல்தான் இருந்தது: சரியான வடிவம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அது எழுத்தில் இருக்கிறது, மற்றதெல்லாம் பிழை. நேம் புக்கின் இரண்டாவது கட்டத்துக்கு, அதாவது 'வேறு வேறு விதங்கள்' என்பதற்கு, அதில் இடமே இல்லை.

பெயரை மொழிபெயர்ப்பதிலும் இதே கேள்விதான் வருகிறது. பல்லாவரத்தில் வாழ்ந்த வேதாசலம் தன் பெயரைத் தானே மறைமலை என்று தமிழாக்கிக்கொண்டார். இன்று எங்கள் ஊரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் மறைமலைநகர். இலங்கையில் மணலாறு வெலிஓயா ஆனது. அதுவும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்புதான்: வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. பொருளில் ஒரு மயிரிழை மாற்றமில்லை. ஆனால் முதலாவது ஒருவர் தன் பெயர்மேல் தானே எடுத்துக்கொண்ட உரிமை. இரண்டாவது, அரசு குடியேற்றத்தோடு சேர்ந்து வந்து, அங்கிருந்தவர்களின் பெயரை எடுத்துவிட்டது. சொற்பிறப்பியல் இரண்டையும் ஒரே மாதிரிதான் விளக்கும். 'யார் சொன்னது' என்ற கட்டம் இருந்தால் மட்டும்தான் இந்த வித்தியாசம் காகிதத்தில் ஏறும்.

5

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன்.

சேரி என்ற சொல்லுக்குச் சேதுப்பிள்ளை தரும் விளக்கம், சேர்ந்து வாழும் இடம் சேரி என்பது. சொல்லளவில் சரி. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை, பிராமணர்களின் அந்த ஊரில் பன்னிரண்டு சேரிகளைப் பேசுகின்றன. அங்கே சேரி என்றால் அக்கிரகாரப் பகுதிதான், இழிவு எதுவும் கிடையாது. அடுத்த நூற்றாண்டுக்கு வந்தால், ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகள் வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது கம்மாணச்சேரி, பறைச்சேரி, ஈழச்சேரி என்று வரிசைப்படுத்திவிட்டுத் தீண்டாச்சேரி என்றும் ஒன்றைச் சொல்கின்றன. ஒரே சொல், ஒரு பக்கம் சபை கூடும் இடம், இன்னொரு பக்கம் தொடக்கூடாத இடம். சேர்ந்து வாழும் இடம் என்ற விளக்கம் இந்த இரண்டாவது சேரிக்குள் நுழையும்போது தடுமாறுகிறது. அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது ஏன்? ஊர் அவர்களைச் சேர்க்காததால். இதை 'சேர்' என்ற வேர்ச்சொல் நமக்குச் சொல்லாது.

காலனிக்கும் இதே கதிதான். தாம்பரத்தில் ரயில்வே காலனி என்று சொல்கிறவர் தலை நிமிர்ந்து சொல்வார். பாங்க் காலனி என்றால் மனை விலை ஏறும். "ஊரா, காலனியா?" என்று டீக்கடையில் கேட்டால் அதே சொல் வேறு. தாம்பரத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் ஓர் அக்கா சொன்னார்:

"பசங்கள ஸ்கூல்ல சேக்கும்போது அட்ரஸ்ல காலனின்னு எழுதினா ஒரு மாதிரி பாப்பாங்க தம்பி. அதனால எங்க சித்தி வீட்டு அட்ரஸ குடுத்தோம். லெட்டர் கிட்டர் எல்லாம் அங்கதான் போவும். வாரத்துக்கு ஒருக்கா போய் வாங்கியாருவேன்."

ஒரு சொல்லுக்காக வாரம் ஒருமுறை நடந்திருக்கிறார். இது எந்த ஊர்ப்பெயர் நூலிலும் இல்லை.

2025 ஏப்ரல் 29 அன்று, காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், ஊர், தெரு, நீர்நிலைகளின் பெயரில் இருக்கும் சாதியை நீக்குவதற்கான அரசாணை வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியிலேயே தெருப் பெயர்களிலிருந்து சாதி ஒட்டை எடுக்கும் வேலை ஒருமுறை நடந்திருக்கிறது. தி.நகரில் ஜி.என். செட்டி சாலை பலகையில் கோபதி நாராயண சாலை ஆனது அப்படித்தான். பஸ்ஸில் இன்னமும் பழைய பெயரைத்தான் கேட்கிறோம், அது வேறு விஷயம்.

இந்த ஆணைகளைப் பற்றி நண்பர்களோடு பேசினால் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சி, வரலாறு அழிகிறது என்கிறது. இன்னொன்று, அந்த வரலாறு அழியட்டுமே என்கிறது. முதல் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் அந்த முகவரியை எழுத வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். நான் உட்பட. ஒரு பெயர் பழசு என்பதற்காக ஒரு குழந்தை அதைப் பள்ளி விண்ணப்பத்தில் சுமக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பலகையை மாற்றுவது நியாயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பலகை வேறு, பதிவு வேறு. என் வாதம் இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. பலகை, இருக்கிறவர்களைக் கூப்பிடுவதற்கு. கூப்பிடப்படுகிறவருக்குப் பிடிக்காத பெயரில் கூப்பிடக்கூடாது, அவ்வளவுதான். பதிவு, நடந்ததைச் சொல்வதற்கு. இந்த இடத்தை இன்ன வருஷம் வரை இப்படி அழைத்தார்கள், அப்படி அழைத்தவர்கள் இவர்கள், அங்கே குடியிருந்தவர்கள் தங்கள் இடத்தை வேறு பெயரில் அழைத்துக்கொண்டார்கள், அது இது. இப்படி எழுதி வைக்காமல் பலகையை மட்டும் மாற்றினால், அவமானத்தோடு சேர்ந்து ஆதாரமும் போய்விடும். ஐம்பது வருஷம் கழித்து யாராவது எழுந்து, "எங்க ஊர்ல அப்படி ஒண்ணும் பிரிச்சு வெச்சதில்லையே" என்று சொன்னால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. தஞ்சைக் கல்வெட்டில் தீண்டாச்சேரி என்ற சொல் இருப்பதால்தான் ஆயிரம் வருஷம் கழித்து அதைப் பற்றி வாய் திறக்க முடிகிறது.

அந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"எழுதி வெச்சா அத பாத்துட்டு திரும்பவும் அதையே கூப்புடுவாங்களே?"

நியாயமான பயம். அதற்கு என்னிடம் இருந்த பதில் அரைகுறையானது: யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதினால், அந்தப் பெயர் உங்கள்மேல் ஒட்டாது, சொன்னவர்மேல் ஒட்டும். அவர் யோசித்துவிட்டு, "அப்ப எங்க தெருவுக்கு நாங்க வெச்ச பேரையும் எழுது" என்றார். அவர்கள் தெருவுக்குள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு வேப்பமரத்தின் பெயரால். எந்த ஆவணத்திலும் அது இல்லை. அந்த மரம் இன்னும் நிற்கிறது.

6

விமர்சனம் எழுதுகிறவன் கடைசியில் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பார்கள். 'ஊரும் பேரும்' பெரிய நூல்தான். ஊர்ப்பெயரை நேசிக்கக் கற்றுக்கொடுத்தது அது. ஆனால் கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அது நிமிர்ந்து கோபுரத்தையும் கல்வெட்டையும் படித்தது. தெருவில் இறங்கி "இத என்னன்னு சொல்லுவீங்க?" என்று விசாரிக்கவில்லை. 1946-இல் ஒரு தமிழ்ப் பேராசிரியரிடம் அதை எதிர்பார்ப்பது அதிகப்படியாக இருக்கலாம். அதற்குப் பின்னால் வந்த நாம், அதே புத்தகத்தின் முறையையே திரும்பத் திரும்பச் செய்து, யூடியூபில் 'உங்கள் ஊருக்கு ஏன் இந்தப் பெயர் தெரியுமா?' என்று ஊகங்களை அடுக்கிக்கொண்டிருப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது.

பத்து உள்ளாட்சிகள் ஒன்றாகி மாநகராட்சியான ஊரில் பெயர்கள் இனி வேகமாக மாறும். ஒரே மாநகராட்சிக்குள் எத்தனை பாரதியார் தெரு, எத்தனை காந்தி தெரு, எத்தனை முதல் குறுக்குத் தெரு! ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றத்தான் வேண்டியிருக்கும். கணினிக்குத் தனித்தனிப் பெயர் தேவை. அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆம்புலன்ஸ் தப்பான காந்தி தெருவுக்குப் போய் நின்றால் என்ன ஆகும்? மாற்றட்டும். மாறுவதற்கு முன்னால் ஒரு நோட்டு போட்டுவிட்டால் போதும்.

நான் ஒன்று போட்டிருக்கிறேன். நாற்பது பக்க நோட்டு, நாலு கட்டம். பலகையில் உள்ள பெயர். மற்ற வடிவங்கள். யார் சொன்னது. என்ன இடம். சொன்னவர் பெயரை எழுதுவதில்லை. 'முப்பது வருஷமாகப் பால் போடுகிறவர்', 'பழைய தபால்காரர்', 'மூன்றாம் வீட்டுப் பாட்டி' என்று மட்டும் குறிக்கிறேன். இதுவரை எங்கள் தெருவையும் பக்கத்துத் தெருக்கள் ஆறையும் முடித்திருக்கிறேன். பெரிய சாதனை ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயம் தெரிந்தது. ரைஸ் மில் பற்றி விசாரித்தபோது பால்காரர் சொன்னார்: "மில்லு அப்புறம் வந்ததுங்க. அதுக்கு முன்னாடி அத களத்து மேடுன்னுதான் சொல்லுவாங்க."

நான் பழசு என்று நினைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்த பெயரே, இன்னொன்றின் மேல் வந்து உட்கார்ந்த புதுப் பெயர். மூன்றாவது கட்டத்தில் 'பால்காரர்' என்று எழுதிக்கொண்டேன். இரண்டாவது கட்டத்தில் இப்போது மூன்று பெயர்கள் இருக்கின்றன: களத்து மேடு, ரைஸ் மில், அந்த அபார்ட்மெண்டின் ஆங்கிலப் பெயர். எதையும் அடிக்கவில்லை.

அடுத்த தடவை அந்தத் தம்பி போன் செய்தால் எதைச் சொல்வது என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.